வெளிநாட்டு மச்சானின் பணம்: நேரடி முதலீடா, திரும்ப எடுக்காத முதலீடா?

சேலத்தில் ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி, கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. துபாய் மச்சான் தொழிலில் பணம் போடத் தயார், எந்த வழியில் வாங்குவது? 2019 அந்நியச் செலாவணி விதிகள் என்.ஆர்.ஐ.க்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கு) இரண்டு வழி தருகின்றன: போட்ட பணத்தை வெளிநாட்டுக்கே முழுதாகத் திரும்ப எடுத்துச் செல்லக்கூடிய நேரடி முதலீடு, அப்படித் தடையின்றி எடுத்துச் செல்ல முடியாத ‘திரும்ப எடுக்காத’ முதலீடு.

யார் வாங்கலாம்
நேரடி முதலீடு: கம்பெனி, எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை).
திரும்ப எடுக்காதது: இவற்றோடு கூட்டு நிறுவனம், தனியாள் தொழிலும். உள்நாட்டுப் பணமாகவே கருதப்படும்.

எழுத்து வேலை
நேரடி முதலீட்டில்தான் சிரமம். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். அப்புறம் 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு, பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம், தவறினால் தாமதக் கட்டணம். பங்கு விலை நியாய மதிப்புக்குக் குறையக் கூடாது, அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். வருடா வருடம் ஜூலை 15க்குள் எஃப்.எல்.ஏ. கணக்கு (வெளிநாட்டுப் பொறுப்பு, சொத்து விவரம்).
இன்னொன்றில் இந்தப் படிவங்கள் இல்லை.

விலகும்போது
நேரடி: வரி போக முழுத்தொகையும் வெளிநாடு போகும்.
மற்றது: என்.ஆர்.ஓ. கணக்குக்கு (என்.ஆர்.ஐ. இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வரும், அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஒரு பட்டறைப் பங்காளிக்கு இது தாராளம். பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

குடும்பப் பட்டறைக்கு இரண்டாவது வழியே போதும் என்பேன். வெளி முதலீட்டாளர்களையும் சேர்த்து வளரப்போகும் கம்பெனிக்கு நேரடி முதலீடு சரி. ஏற்காட்டில் காபித் தோட்டக் கம்பெனி என்றால் கணக்கே வேறு: நேரடி முதலீடு 100 சதவீதம் வரை முன் அனுமதியின்றி வரலாம், திரும்ப எடுக்காத வழியிலோ தோட்டத் தொழிலுக்கு இடமே இல்லை.