பாஸ் கைக்கு வரும் முன் பிள்ளைகளின் டிசியை வாங்காதீர்கள்

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளோடு மலேசியா போய்ச் சில காலம் இருக்கலாம் என்று நினைத்து, அதற்காக ஒரு ஏஜெண்டைத் தேடிக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் பெங்களூரில் ஒருவரிடம் 5,58,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைவிடப் பிள்ளைகளின் பள்ளி போனதுதான் எங்களால் ஆற முடியாத விஷயம்.

நான் ஒரு அமெரிக்க மென்பொருள் நிறுவனத்துக்கு ஒப்பந்த முறையில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். கணவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ராமமூர்த்தி நகர் பக்கம் ஒன்பது வருடமாக வாடகை வீடு. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு முடிக்கிற நேரம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியா போய்வரலாம் என்று அறிவித்தார்கள் அல்லவா, அந்த விடுமுறையில் பினாங்கு போனோம். ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா தெருவில் கடைப் பெயர்ப்பலகைகளை மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக்கொண்டே வந்தாள். இங்கே தமிழ் வாசிக்க வைக்க அவளோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். அங்கே கேட்காமலேயே வாசித்தாள். அன்றிரவே நானும் கணவரும் பேச ஆரம்பித்துவிட்டோம். இரண்டு வருடம் இங்கே வந்து இருந்தால் என்ன?

அப்படி இருப்பதற்கு முறையான வழி உண்டு. டிஇ ரந்தாவ் நோமாட் பாஸ் என்று பெயர். மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022 அக்டோபரில் தொடங்கியது. டிஜிட்டல் துறையில் வேலை பார்த்து ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை தருவார்கள், மேலும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். துணைவரையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் விசாரித்தபோது கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட், உடன் வருபவர் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட். நான்கு பேருக்கு 2,500 ரிங்கிட், அன்றைய மதிப்பில் சுமார் 45,000 ரூபாய். விண்ணப்பம் முழுக்க அந்தக் கழகத்தின் இணையதளத்தில், நாமே நேரடியாகப் போடுவது. இடையில் யாரும் தேவையில்லை.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். 2024 ஜனவரியில் எனக்குத் தெரிந்திருந்தது, அப்படி ஒரு பாஸ் இருக்கிறது என்பது மட்டும்தான்.

கணவரின் நண்பர் வழியாக அந்த ஏஜெண்ட் அறிமுகமானார். இந்திராநகரில் சின்னதாக, சுத்தமான ஆபீஸ். போய் உட்கார்ந்ததும் கன்னடத்தில் தொடங்கியவர், நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் கொங்குத் தமிழுக்கு மாறிவிட்டார். “அக்கா, நம்ம ஆளுங்ககிட்ட நான் லாபம் பாக்கறதில்லீங்க. பாஸ் கெடைக்கறது பெருசில்ல, பிள்ளைங்க ஸ்கூல்தான் பெருசு. அந்த சீட்டையும் நானே முடிச்சுத் தர்றேன்” என்றார். வெளியூரில் பதினைந்து வருடம் இருந்தவர்களுக்குத் தெரியும், நம் மொழியில் ஒருவர் அக்கா என்று கூப்பிட்டால் மனசு எப்படி இளகும் என்று. கேட்க நினைத்திருந்த கேள்விகளில் பாதியைக் கேட்காமலேயே எழுந்து வந்தோம்.

ஆளுக்கு 85,000 என்று நான்கு பேருக்கு 3,40,000 ரூபாய். அரசுக் கட்டணம் அதிலேயே அடக்கம் என்றார். பினாங்கில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கும் சீட் முன்பணம் 1,80,000. சான்றிதழ் வேலைக்கு 38,000. பிப்ரவரிக்குள் முழுவதையும் கொடுத்துவிட்டோம். பெரும்பகுதி யூபிஐ மூலம், அதுவும் கம்பெனிக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்தக் கணக்குக்கு. “கரண்ட் அக்கவுண்ட்ல லிமிட் பிரச்சினைங்க அக்கா” என்றார். ஜிஎஸ்டி பில் கேட்டோம், எல்லாம் முடிந்ததும் ஒரே பில்லாகத் தருகிறேன் என்றார். மாமியார் திருப்பத்தூரிலிருந்து தன் வளையல்களை அடகு வைத்து ஒரு பகுதியை அனுப்பியிருந்தார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இப்போது பேசிப் பார்த்த மற்றவர்களும் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும் என்று அசலை வாங்கிக்கொண்டார். அப்போஸ்டில் என்பது நம் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை; ஹேக் ஒப்பந்தம் என்ற ஒன்றில் சேர்ந்த நாடுகளுக்கு இடையில் மட்டும் அது செல்லுபடியாகும். இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. மலேசியா அப்போது அதில் இல்லை. அப்படிப்பட்ட நாட்டுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், அதன் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் என்றுதான் போக வேண்டும். மலேசியாவுக்கு டெல்லியில் ஹை கமிஷனும், சென்னையிலும் மும்பையிலும் துணைத் தூதரகமும் இருக்கின்றன; பெங்களூரில் இல்லை. அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்குவது ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதோடு சேகரிப்பு மையத்தின் சிறு சேவைக் கட்டணம். போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவாவில் 500 ரூபாய். எங்களிடம் தலைக்கு 6,000 வாங்கினார். தேவையில்லாத முத்திரைக்குப் பணம் கொடுத்ததோடு, அசல் சான்றிதழ்கள் ஐந்து மாதம் அவர் பிடியிலேயே இருந்தன. அவை அங்கே இருந்ததால்தான் அவரிடம் குரலை உயர்த்தவே பயந்தோம்.

சரி, டிசிக்கு வருகிறேன்.

அந்த மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர் எப்படி இருந்தது என்று இங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கட்டடத்தில் போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் சொன்னால் மூன்று நாள் கழித்து வந்தது, சில சமயம் வரவே இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினோம். அந்த நேரத்தில் ஏஜெண்ட் போன் செய்து, விண்ணப்பம் போட்டாகிவிட்டது, ஏப்ரல் கடைசியில் பாஸ் வந்துவிடும், பினாங்குப் பள்ளியில் டிசி கேட்கிறார்கள், உடனே வாங்குங்கள் என்றார். வாட்ஸ்அப்பில் அந்தப் பள்ளியின் அனுமதிக் கடிதமும் வந்தது. பள்ளியின் முத்திரை, பிள்ளைகளின் பெயர், ஒரு எண், கையெழுத்து எல்லாம் இருந்தன. நம்பினோம். வருட முடிவில் இரண்டு பேருக்கும் டிசி வாங்கினோம். வீட்டு ஓனருக்கும் நோட்டீஸ் கொடுத்தோம்.

கடைசி நாளில் மகளுடைய வகுப்புப் பிள்ளைகள் பெரிய சார்ட் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவள் அதைச் சுருட்டி, பெட்டியில் மடங்காமல் இருக்க வேண்டும் என்று குழாயில் போட்டு வைத்தாள்.

ஏப்ரல் போனது. மே வந்தது. “புராசஸ்ல இருக்குங்க அக்கா” என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். விண்ணப்பக் கணக்கின் லாகின் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். தன் மெயில் ஐடியில் போட்டிருப்பதாகவும், பல பேருடைய விண்ணப்பம் அதே கணக்கில் இருப்பதால் தர முடியாது என்றும் சொன்னார். பிறகு ஒரு நாள், “டூரிஸ்டா போயிடுங்க, விசாதான் வேண்டாமே. அங்க போனதும் பாஸா மாத்திக்கலாம், பிள்ளைங்களும் ஸ்கூல்ல உக்காந்துடுவாங்க” என்றார். சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கு அது 30 நாள் அனுமதி, அவ்வளவுதான். அதை வைத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி? அங்கேதான் எங்களுக்கு முதல் சந்தேகம் வந்தது. நல்ல வேளை, டிக்கெட் போடவில்லை.

அதே வாரம் என் மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. நீ முழுநேர மென்பொருள் பொறியாளர் என்று எங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் இருக்கிறது, அது உண்மையா என்று சரிபார்க்கக் கேட்டிருக்கிறார்கள், இப்படி ஒரு கடிதத்தை நாங்கள் கொடுக்கவில்லையே, என்ன இது என்று கேட்டிருந்தார். நான் ஏஜெண்டிடம் கொடுத்தது என் உண்மையான ஒப்பந்தத்தை. அவர் அதிலிருந்த லெட்டர்ஹெட்டை எடுத்து வேறு கடிதம் செய்து பதிவேற்றியிருக்கிறார். கை நடுங்கியது. வேலையே போய்விடும் என்று நினைத்தேன். நடந்தது எல்லாவற்றையும், பணம் கொடுத்த ரசீதுகளோடு, அன்றிரவே மேனேஜருக்கு எழுதினேன். அவர் நம்பினார். எல்லோருக்கும் அப்படி ஒரு மேனேஜர் வாய்க்க மாட்டார்.

பிறகு பாஸ்போர்ட் நகலை இணைத்து மலேசியக் கழகத்துக்கு நானே எழுதினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வாரக்கணக்காகிவிட்டது என்று பதில் வந்தது. என்னை அதிகம் வாட்டுவது எது தெரியுமா? டிஜிட்டல் உள்ளடக்க வேலைகளும் அந்தப் பாஸின் பட்டியலில் இருந்தன. என் வருமானமும் வரம்புக்கு மேலே இருந்தது. என்னுடைய சொந்தக் கடிதத்தை வைத்தே நான் நேர்மையாக விண்ணப்பித்திருக்கலாம். இப்போது என் பெயரில் ஒரு பொய்யான ஆவணம் அங்கே பதிவில் இருக்கிறது. மறுபடி விண்ணப்பித்தால் முதலில் அதை விளக்க வேண்டும்.

ஜூன் மாதம் பிள்ளைகளை அதே பள்ளிக்குத் திரும்ப அழைத்துப் போனோம். பள்ளியின் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆறாம் வகுப்பு நிரம்பிவிட்டது, மகனுக்கு மட்டும் இடம் இருக்கிறது என்றார்கள், அதற்கும் புதிய சேர்க்கைக் கட்டணம். பெங்களூரில் நல்ல பள்ளிகள் சேர்க்கையை ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துவிடுகின்றன. மகளுக்கு ஜூலையில்தான், ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு பள்ளி கிடைத்தது. அதுவரை வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கீழே விளையாடப் போகச் சொன்னால் போக மாட்டாள். “எல்லாருக்கும் பை சொல்லிட்டேன்மா, இப்ப எப்படிப் போறது?” என்று கேட்டாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? வீடும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. இரண்டு தெரு தள்ளி அதிக வாடகைக்குக் குடியேறினோம்.

அசல் சான்றிதழ்களைக் கணவரும் அவருடைய நண்பரும் நேரில் போய் நாள் முழுக்க உட்கார்ந்து வாங்கி வந்தார்கள். பணம் வரவில்லை. ஆகஸ்டில் போனால் ஆபீஸில் வேறு பெயர்ப்பலகை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். ஐபிசிக்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் சட்டமான பிஎன்எஸ் 2024 ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்தது. எங்கள் விஷயம் அதற்கு முன்பே நடந்ததால் பழைய ஐபிசி 420-இன் கீழ் பதிவானது. சைபர் கிரைம் எண் 1930-க்கும் கூப்பிட்டோம். பணம் அனுப்பிய சில மணி நேரத்தில் கூப்பிட்டால்தான் போன கணக்கில் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். நாங்கள் போனது நான்கு மாதம் கழித்து. நுகர்வோர் ஆணையத்தில், 2024-இல் அதற்கென்று இருந்த இ-தாக்கில் இணையதளம் வழியாக வழக்கு போட்டிருக்கிறோம். இதைத் தயங்காமல் செய்யுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். யூபிஐ பதிவுகள், வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். என் கணவர் கோபத்தில் ஒரு நாள் அந்த உரையாடலை முழுக்க அழித்துவிட்டார். என் போனில் இருந்ததால் தப்பித்தோம்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். விண்ணப்பக் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்கட்டும். உதவிக்கு ஆள் வைத்தாலும், அவர் பதிவேற்றுகிற ஒவ்வொரு தாளையும் நீங்கள் பார்த்த பிறகே போகட்டும். பிள்ளைகளின் அசல் சான்றிதழை யார் கையிலும் விடாதீர்கள். டிசி விஷயத்தில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். பாஸ் கையில் வந்த பிறகு பள்ளிக்குப் போய்க் கேட்டால் ஒரு வாரத்தில் கொடுத்துவிடுவார்கள். ஒரு டெர்ம் பணம் வீணாகக் கட்டினாலும் பரவாயில்லை, அந்த இடம் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும்.

அப்புறம், பினாங்குப் பள்ளியின் அனுமதிக் கடிதம் என்று உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருந்தால், அதில் இருக்கும் மெயில் முகவரிக்கு எழுதாதீர்கள். பள்ளியின் இணையதளத்தைத் திறந்து, அங்கே இருக்கும் முகவரிக்கு அந்தக் கடித எண்ணை அனுப்பிக் கேளுங்கள். நான் மே மாதக் கடைசியில் கேட்டேன். இந்தப் பெயரில் எங்களிடம் விண்ணப்பமே இல்லை, எங்கள் கடிதங்களில் இப்படி எண் போடுவதில்லை என்று மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது.