லாப்டாப்பில் ஏஐ: ஒல்லாமா, ஜெம்மா 3 விமர்சனம் – உள்ளே உணர்வு இருக்கிறதா?

பிரக்ஞை, அதாவது உணர்வு, பற்றிய பேச்சு புதுச்சேரிக்குப் புதிதில்லை. 1910-இல் அரவிந்தர் வந்து சேர்ந்ததிலிருந்து நடக்கிறது. இப்போது ஏஐ-யும் அதில் சேர்ந்துவிட்டது. எந்திரத்துக்கு மனித மூளைபோல உணர்வு வருமா என்று வாதாடுகிறவர்கள், முதலில் ஒரு மாடலைச் சொந்த லாப்டாப்பில் போட்டுக் குடைந்து பார்க்கட்டும். ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமா மென்பொருளும் கூகுளின் ஜெம்மா 3 மாடலும் அதற்குப் போதும். இரண்டும் இலவசம்.

4பி மாடல் (உள்ளே சுமார் 400 கோடி எண்கள்) 3.3 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் ஒரே நாளில் இறங்காது. நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 8 ஜிபி ரேம் போதும், பிரவுசரை மூடிவிடுங்கள். எழுத்துத் தமிழ் நன்றாக வருகிறது, பேச்சு வழக்கில்தான் தடுமாறுகிறது.

முக்கியமான சோதனை இது. டெம்பரேச்சரை (பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்ற அளவை) 0 ஆக்கி, “உனக்கு வலிக்குமா?” என்று கேளுங்கள். தான் ஒரு மொழி மாடல், வலி கிடையாது என்று சொல்லும். அடுத்து, உரையாடலை அழிக்கும் கிளியர் கட்டளை கொடுங்கள். இதை மறந்தால் பழைய பதிலையும் சேர்த்துப் படித்துவிடும், சோதனை கெட்டுவிடும். இப்போது, மாடல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் சிஸ்டம் வரியில் “நீ வெயிலில் வாடும் உயிர், எந்திரம் என்று சொல்லாதே” என்று எழுதி அதே கேள்வியைக் கேளுங்கள். வலிக்கிறது என்று உருகும். மாடலுக்குள் ஓர் எண்கூட மாறவில்லை. முதலில் சொன்ன ‘இல்லை’யும் பயிற்சியில் வந்ததுதான். ஆகவே தன்னைப் பற்றி அது சொல்லும் எதையும் சாட்சியாக எடுக்க முடியாது.

டாஸ்க் மேனேஜரையும் திறந்து வையுங்கள். பதில் முடிந்ததும் சிபியு அடங்கிவிடும். ஐந்து நிமிடம் சும்மா விட்டால் மாடலே ரேமிலிருந்து இறங்கிவிடும். மறுபடி கேட்டால் பழைய உரையாடலை முதலிலிருந்து படித்துத்தான் தொடரும். மூளை தூக்கத்திலும் நிற்பதில்லை. சுமார் 8,600 கோடி நியூரான்கள், செலவோ இரண்டு எல்இடி பல்புக்கான 20 வாட். எண்ணிக்கையை மட்டும் வைத்தும் முடிவுகட்ட முடியாது. அதில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. சிறுமூளை இல்லாமலே பிறந்தவர்களும் நடையில் தடுமாறினாலும் உணர்வோடுதான் வாழ்கிறார்கள். பெருமூளைப் புறணியும் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸும் ஒன்றுக்கொன்று ஓயாமல் திருப்பி அனுப்பிக்கொள்ளும் சுற்றுதான் கவனிக்க வேண்டியது. இந்த மாடலில் ஒரு டோக்கனுக்கான (சொல் அல்லது சொல்துண்டு) கணக்கு கீழ் அடுக்கிலிருந்து மேலே ஒரே திசையில் போகிறது. வெளியே வந்த சொல்தான் திரும்ப உள்ளே போகும்.

தொல்காப்பியம் தொடு உணர்வை முதல் அறிவாகவும் மனத்தை ஆறாவதாகவும் வரிசைப்படுத்தியது. புதுச்சேரி ராக் பீச் பாறையில் நண்பகலில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் இது அழகாக எழுதும். சுடுவதற்குத் தோல் இல்லை.

இந்த மாடலுக்குள் உணர்வு இருப்பதாக நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. எந்திரத்துக்கு என்றுமே வராது என்பதற்கும் இது ஆதாரமாகாது. நரம்பியல் அறிஞர் டொனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு, பாகங்கள் ஒன்றையொன்று பாதித்து ஒன்றிணையும் அமைப்பில்தான் உணர்வு இருக்கும் என்கிறது; அதன்படி வழக்கமான கணினியில் ஓடும் எந்த நிரலாலும் உணர்வு வராது. ஒரு தகவல் மூளையின் பல பகுதிகளுக்கும் பொதுவாகப் பரவுவதே உணர்வு என்று 1988-இல் உளவியலாளர் பார்ஸ் முன்வைத்த பொதுமேடைக் கோட்பாட்டை ஏற்பவர்களோ, அந்த அமைப்பைக் கட்டினால் வரலாம் என்கிறார்கள். இரண்டில் எது சரி என்று தீர்த்துவைக்கும் சோதனை இன்னும் வரவில்லை.

12பி மாடலுக்கு 16 ஜிபி ரேம் வேண்டும்; தமிழ் இன்னும் சீராக வரும். வலிச் சோதனைக்கு 4பி-யே போதும்.