பிரஷர் டெஸ்ட் செய்யாமல் டைல்ஸை உடைக்க விடாதீர்கள்

ஓதம் அடிக்கும் சுவரில் கேமராவைக் காட்டிவிட்டு நேராக உடைக்கும் பேச்சுக்கு வருகிற ஆட்களிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் கொடுத்துவிட்டு அனுபவிக்கிறோம்.

வீடு தாம்பரம் பக்கம். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், மழையே இல்லாத பிப்ரவரியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, தொட்டால் உப்பு மாவாக உதிர்ந்தது. அம்மாவின் கட்டில் அந்தச் சுவரோரம்தான். லீக்கேஜ் கண்டுபிடிப்பதாகச் சொல்லி வந்தவர் தெர்மல் கேமராவில் நீலமாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, "தரை முழுக்கப் போச்சு சார், டைல்ஸ் எடுத்து வாட்டர்புரூஃபிங் பண்ணணும்" என்றார். 38,000 ரூபாய். ஐந்து நாள் வேலை, முட்டி வலியோடு அம்மா ஒவ்வொரு தடவையும் மாடி ஏறித்தான் குளிக்கப் போனார். அந்த ஐந்து நாளும் கீழே யாருமே குளிக்கவில்லை, சுவர் மட்டும் ஈரமாகவே இருந்தது. டிரெயினேஜிலோ தரையிலோ கசிவு என்றால் புழங்காதபோது ஈரம் குறையத் தொடங்கியிருக்கும், எந்நேரமும் தண்ணீர் நிற்கிற சப்ளை லைனைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, வேலை பார்த்தவர் சொல்லவும் இல்லை.

மூன்றாவது வாரம் அதே இடத்தில் கொப்புளம். போன் அடித்தால் எடுக்கவில்லை. பில்லைப் பார்த்தால் 'வாட்டர்புரூஃபிங்' என்று மட்டும் இருக்கிறது, கசிவு பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அப்புறம் எங்கள் தெரு பிளம்பர் அண்ணன் பிரஷர் டெஸ்ட் செய்ய, அதாவது குழாயில் தண்ணீரை அழுத்தி ஏற்றி அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க, கைப்பம்பும் அழுத்தம் காட்டும் கேஜும் கொண்டுவந்தார். கீசரைத் தனியாகப் பிரித்து, குழாய்களை எல்லாம் பிளக் போட்டு அடைத்து, ஒவ்வொரு லைனாக 5 கிலோ அழுத்தம் ஏற்றினார். பச்சைத் தண்ணீர் லைனில் முள் அசையவில்லை. சுடுதண்ணீர் லைனில் பத்தே நிமிடத்தில் 3-க்கு இறங்கிவிட்டது. சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாய்க்குப் பின்னால் ஒரே ஒரு டைல்ஸை எடுத்ததும், பைப் வளையும் இடத்து இணைப்பான எல்போவில் முடி அளவு விரிசல், அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

அந்தக் கேமரா சுவருக்குள் பார்க்காது, மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும். ஈரச் சுவர் குளிர்ந்திருப்பதால் நீலமாகத் தெரியத்தான் செய்யும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அதில் தெரியாது. கீசரைப் போட்டுச் சுடுதண்ணீரை ஓடவிட்டுப் பார்த்திருந்தாலாவது அந்த எல்போ பக்கம் சூடு பரவுவது தெரிந்திருக்கலாம், அதைக்கூட அவர் செய்யவில்லை.

சுவர் நன்றாகக் காயும்வரை பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அம்மாவின் கட்டில் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது.