போக்குவரத்துப் பொறியியல்: வகுப்பறையா, ஆய்வுக்கூடமா?

போக்குவரத்துப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வைத் தொடர விரும்புவோருக்கு இந்தியாவில் இரு வழிகள் முக்கியமானவை: சென்னை ஐ.ஐ.டி. போன்ற கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் பணி, அல்லது புது தில்லியிலுள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி பணி.

பின்னதன் வலிமை களப்பணி. 1952 முதல் இயங்கும் அந்நிறுவனம், இருசக்கர வண்டியும் ஆட்டோவும் பேருந்தும் தடம் பார்க்காமல் கலந்தோடும் நம் சாலைகளுக்கு அயல்நாட்டுக் கணக்குகள் பொருந்தாது என்பதால், இந்தியாவுக்கென்றே ஒரு நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டை (ஒரு சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிட உதவும் நூல்) உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றது. சூரத்தில் எஃகு ஆலைக் கழிவான கசடைக் கொண்டு சாலை அமைத்ததிலும் அதன் தொழில்நுட்பமே பயன்பட்டது. ஆய்வு இப்படிச் சாலையாகவே மாறுவதைக் காண்பது பெரும் நிறைவு. ஆனால், எதை ஆராய்வது என்பதை அங்கே பெரும்பாலும் அரசுத் துறைகளின் தேவையே தீர்மானிக்கிறது.

பேராசிரியருக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதிகம். ஆனால், வகுப்பும் விடைத்தாளும் நிதி விண்ணப்பமும் அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்திலிருந்தும் முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்த முடியும் என்றாலும், நடந்து செல்பவரின் உயிரை வாகனத்தின் வேகத்துக்கு மேலாக மதிக்கும் பார்வையை இளநிலை மாணவர்களிடம் ஆண்டுதோறும் வளர்க்கும் வாய்ப்பு பேராசிரியருக்கே வாய்ப்பதால், என் தேர்வு வகுப்பறையே.