யூடியூப் கிட்ஸா, ரெஸ்ட்ரிக்டட் மோடா?

தாராவியில் அக்கா வீட்டில் இருப்பது ஒரே போன். அத்தான் வேலை முடிந்து வந்ததும் அது ஆறு வயசுப் பையன் கைக்குப் போய்விடும். முதலில் யூடியூப் செட்டிங்ஸிலேயே இருக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோடை ஆன் செய்து கொடுத்தேன். ஆபாச வீடியோக்கள் பெரும்பாலும் மறையும், கமென்ட்டும் தெரியாது. ஆனால் அணைக்க ஒரு தட்டுப் போதும். அத்தானே எதற்கோ அணைத்துவிட்டு மறந்துபோனார்!

யூடியூப் கிட்ஸ் தனி ஆப். தேடலையே நிறுத்தி, நாம் தேர்ந்தெடுத்த சேனல்களை மட்டும் காட்டலாம், டைமரும் உண்டு. செட்டிங்ஸுக்குள் போக ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு பூட்டா? சொந்தமாகப் பாஸ்கோடு போட்டுவிடுங்கள்.

பெரிய பிள்ளைகள் "இது பாப்பா ஆப்" என்று தொடமாட்டார்கள், அவர்களுக்கு ரெஸ்ட்ரிக்டட் மோடுதான். ஆறு வயசுக்கு என் ஓட்டு கிட்ஸுக்கே, பக்கத்திலிருக்கும் சாதா யூடியூபைப் பூட்டி வைத்தால்.