தூளிக்கு மேலே ஒரு கூரை: ஐந்து மழைக்காலம், மூன்று தார்ப்பாய்

இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டிப் படுக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் அதைத் தூளி என்றுதான் சொல்கிறார்கள். கழுதை வயதில் தூளியா என்ற கேலியும் உண்டு. போவது பெரும்பாலும் ஒரே இடம்: கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம், நண்பனின் காபித் தோட்டம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது, தங்கவும் கூடாது. தெரிந்தவர் தோட்டம் என்றால் நிம்மதி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. தூளியைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. யோசித்ததும் நனைந்ததும் மேலே கட்டும் தார்ப்பாயால்தான்.

முதலில் வாங்கியது, லாரிச் சாமான் கடைகளில் தொங்குமே, அந்த நீலத் தார்ப்பாய். 12-க்கு 10 அடி, 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம். கணக்குப் போட்டால் வெறும் பாய் மட்டும் 1.3 கிலோ வருகிறது. தலை இடிக்காமல் நின்று உடை மாற்றலாம் என்று அதை ஆறடிக்கு மேலே கட்டினேன். தோட்டக் காவலுக்கு இருக்கும் பெரியவர் வந்து பார்த்தார். முதலில் கிடைத்தது திட்டு. அங்கே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். தூளியை மரத்தில் கட்டும் நாடாவை, அதாவது தூளிப் பட்டையை, நான் கொடியோடு சேர்த்துச் சுற்றியிருந்தேன். "கொடிய நசுக்கிப்புட்டீங்களே தம்பி" என்றார். அவிழ்த்து, கொடியில்லாத மரமாகப் பார்த்து, பட்ட கிளை ஏதும் தலைக்கு மேல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மாற்றினேன். அப்புறம் அவர் அண்ணாந்து பார்த்து, "கூரையை இம்புட்டு உசரத்துல போட்டா சாரல் சும்மா விடுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி ஒரு மணிக்குச் சாரல் பதில் சொன்னது. பாயில் ஒரு பொத்தல்கூட இல்லை, ஆனால் நான் தொப்பலாக நனைந்தேன்.

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. பழைய ஓட்டு வீட்டில் தாழ்வாரத்துக்குள் குனிந்துதானே நுழைய வேண்டும்? அதே கணக்குதான். இப்போது முகடு, தூளிக்கு மேலே ஓடும் கயிற்றிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். காற்று வலுத்தால் ஓரங்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவேன். பாயின் நீள ஓரம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை காற்றைப் பார்த்தால் எவ்வளவு பெரிய பாயும் வீண்.

அளவு விஷயத்திலும் ஒருமுறை ஏமாந்தேன். எடை குறையட்டும் என்று இரண்டாவதாக 10-க்கு 10 அடி சில்நைலான் (சிலிக்கான் பூசிய நைலான்) பாய் வாங்கினேன். என் தூளி 11 அடி. அளவாகத் தொய்வு விட்டுக் கட்டினால் முனைக்கு முனை அதில் 83 சதவீதம், அதாவது 9 அடிக்குச் சற்று மேல் வரும். 10 அடிப் பாயை நேராக விரித்தால் இரண்டு பக்கமும் 5 அங்குலம்தான் மிச்சம். தலைமாட்டில் சாரல் அடிக்க அது தாராளம். மூலைக்கு மூலை இழுத்து வைரம்போல் கட்டினால் முகடு 14 அடி கிடைக்கிறது, ஆனால் முனைப்பக்கம் பாய் ஒடுங்கி, தலையும் காலும் பக்கவாட்டில் திறந்துகிடக்கும். நேராகப் பெய்யும் தூறலுக்குச் சரி, மலைமழைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சில்நைலானின் இன்னொரு குணம், நனைந்தால் நீளும். மாலையில் மத்தளம்போல் விறைப்பாகக் கட்டியது, நடுராத்திரியில் தொங்கி முகத்தைத் தொடும். எழுந்து மழையில் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஓரக் கயிறுகளுக்கு நடுவே கோத்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் நின்றது. பாய் தொய்யத் தொய்ய ரப்பர் இழுத்துக்கொள்கிறது. காசே செலவில்லாத இந்த யோசனைதான் இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது.

அந்தப் பாயைக் கெடுத்தது மழை இல்லை, நான்தான். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டு இரண்டு மாதம் மறந்துவிட்டேன். அதற்கு உள்பக்கம் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. எடுத்துப் பிரித்தபோது பிசுபிசுவென்று ஒட்டியது, நாற்றம் வேறு. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அந்தப் பூச்சு அப்படித்தான் சிதையும். அதற்கு வைத்தியம் கிடையாது.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது: 12-க்கு 10 அடி, இருபுறமும் சிலிக்கான் பூசிய பாலியஸ்டர். கயிறோடு சேர்த்து 800 கிராம். நனைந்தாலும் அவ்வளவாக நீள்வதில்லை, முனைகளில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கிறது. மூன்று மழைக்காலம் தாங்கிவிட்டது.

கட்டுவதற்கு இரண்டே முடிச்சு. ஒரு மரத்தில் சாதாரண உருவு முடிச்சு. மறுமரத்தில் லாரிக்காரர்கள் லோடு கட்டும் முடிச்சு: கயிற்றின் நடுவில் ஒரு வளையம் போட்டு, நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வளையத்தில் நுழைத்து இழுத்தால் கப்பி மாதிரி விறைக்கும். பலர் மரத்துக்கு மரம் ஒரே கயிறாக ஓட்டி, அதில் புரூசிக் முடிச்சால் (தளர்த்தினால் நகரும், இழுத்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) பாயைப் பிடிக்க வைக்கிறார்கள். பாயை நடுவில் நிறுத்த அது வசதிதான். ஆனால் கயிறு பாய்க்கு அடியில் ஓடினால் அதன் வழியாகவே தண்ணீர் உள்ளே வருகிறது. அதனால் நான் இரண்டு முனைக்கும் தனித்தனிக் கயிறு.

தூளிப் பட்டையும் இதே துரோகம் செய்யும். மரத்தில் வழியும் தண்ணீர் பட்டை வழியே இறங்கி நேராக முதுகுக்கு வந்து சேரும். பாயின் விளிம்புக்குச் சற்று உள்ளே, பட்டையில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. அடுப்புத் தீப்பொறி பட்டு இரண்டு இடத்தில் ஊசிப் பொத்தல் விழுந்தது. சிலிக்கான் பூச்சில் சாதாரண டேப் ஒட்டவே ஒட்டாது. மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கான் பசையை மெல்லியதாகத் தடவினேன், இதுவரை ஒழுகவில்லை. தோட்டத்து மண் இலைச்சருகால் பொதபொதவென்று இருப்பதால், கூட வந்த குட்டி முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. இப்போது ஓரக் கயிறுகளைக் கல்லிலோ வேரிலோதான் கட்டுகிறேன். நீலத் தார்ப்பாயைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார், மிளகு காயப்போட.