ரோஸ் பெங்கால் ஆன்டிஜென்: சேலம் வெயிலிலும் ஏற்காடு குளிரிலும்

சினை முதிர்ந்த மாடு கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய நோய்களில் ஒன்று புருசெல்லோசிஸ். காய்ச்சாத பால் வழியாகவும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்குத் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் நீளலாம். கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. ஆனால் அதற்கு வாரங்கள் ஆகலாம், வளர்ப்பவருக்கே தொற்றும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் சந்தேகமான மாடுகளை முதலில் பிரித்தெடுக்க ரோஸ் பெங்கால் ஆன்டிஜென் என்ற இந்த இளஞ்சிவப்புப் பாட்டில். கிருமியை எதிர்த்து மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று இது காட்டும்.

உள்ளே இருப்பவை கொன்று சாயமேற்றிய புருசெல்லா அபார்ட்டஸ் கிருமிகள். கரைசலின் பி.எச். (புளிப்பின் அளவு) 3.65. இந்தப் புளிப்புதான் சோதனையின் உயிர்: கண்டதற்கெல்லாம் ஒட்டும் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருளை அடக்கி, ஐ.ஜி.ஜி. வகையைப் பேசவிடுகிறது.

செய்முறை எளிது. ஆன்டிஜெனையும் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், கிருமிகள் அடியில் படிந்திருக்கும். வெள்ளை ஓட்டில் 30 மைக்ரோலிட்டர் சீரம், பக்கத்தில் அதே அளவு ஆன்டிஜென். குச்சியால் 2 செ.மீ. வட்டமாகப் பரப்பி, சரியாக 4 நிமிடம் ஆட்டுங்கள். பால் திரிந்தாற்போல் திரிதிரியாக வந்தால் பாசிட்டிவ். 4 நிமிடம் தாண்டித் தெரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

சோதனைக்கு ஏற்ற வெப்பம் 22 டிகிரி, 4 கூடலாம் குறையலாம். சேலத்துச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, துளியின் ஓரம் 4 நிமிடத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்த விளிம்பு திரட்சிபோலவே கண்ணை ஏமாற்றும். விசிறியை நிறுத்துங்கள், பார்க்கும்போது நடுப்பகுதியைப் பாருங்கள். ஏற்காட்டு மார்கழிக் காலையில் நேர்மாறு: குளிரில் திரட்சி மந்தமாகி, பலவீனமான பாசிட்டிவ் தப்பிவிடும். மலையில் எடுத்த ரத்தத்தை அப்படியே 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கி இறக்கினால் செல் உடைந்து சீரம் சிவக்கும், முடிவு படிக்கவே முடியாது. மேலேயே உறையவிட்டு, சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் அனுப்புவதுதான் சரி.

பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்துக் கெட்ட பாட்டில் தானாகவே திரளும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு ஆன்டிஜெனில் ஒரு சொட்டு சலைன் கலந்து பாருங்கள். திரண்டால் பாட்டில் குப்பைக்கு. பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் (முடிவு முன்பே தெரிந்த சீரம்) இரண்டையும் தினமும் போடாமல் ஒரு முடிவும் எழுதாதீர்கள்.

பெரிய குறை, கூட வரும் சொட்டுக் குழாய். சொட்டு ஒரே அளவில் விழுவதில்லை, சம அளவு என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மைக்ரோலிட்டர் கணக்கில் அளந்தெடுக்கும் மைக்ரோபிபெட் இல்லாமல் இதை வாங்குவதில் பயனில்லை. 5 மி.லி. பாட்டில் கணக்குப்படி 166 சோதனை. கன்ட்ரோலும் வீணாவதும் போக 140 என்று திட்டமிடுங்கள்.

மேச்சேரி ஆடு வளர்ப்பவர்களின் மாதிரிகளுக்கு இந்த அளவு போதாது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் 75 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 25 ஆன்டிஜென் என்று மாற்றினால்தான் தப்பிப்போகும் பாசிட்டிவ் குறையும். கூட வரும் தாளில் இந்த வரி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

இது தேடுவது எதிர்ப்பொருளை, கிருமியை அல்ல. 4 முதல் 8 மாதக் கிடேரிக்குப் போடும் எஸ்-19 என்ற புருசெல்லோசிஸ் தடுப்பூசியும் பாசிட்டிவ் காட்டும். தடுப்பூசிப் பதிவைக் கேட்காமல் மாட்டைக் குறை சொல்லாதீர்கள். எர்சினியா என்டரோகோலிட்டிகா ஓ-9 கிருமியும் இதே வேலையைச் செய்யும். நாயின் புருசெல்லா கேனிஸை இது பிடிக்கவே பிடிக்காது. பாசிட்டிவ் வந்தால் எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் உறுதி செய்யுங்கள். கன்று வீசிய உடனே நெகட்டிவ் வந்தாலும் நம்பிவிடாமல், 3 வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள்.

மதிப்பெண் 5-க்கு 4. குறைத்த ஒன்று அந்தச் சொட்டுக் குழாய்க்கு.